நிக்காஹ் மஜ்லிஸில் எதை ஓதுவது?

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு காக்கா, கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்தார். மூத்த மகளுக்கு நிக்காஹ். பத்திரிகையில் ‘கிராஅத்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே வெறும் புள்ளிகள்.

“ஆலிம்சா, ஓதுகிற பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். எதை ஓதுவது என்பதையும் நீங்களே தீர்மானித்துவிடுங்கள்” என்றார்.

“பெயர் கிடக்கட்டும் காக்கா, ஓதுவது என்ன என்பதை உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள். உங்கள் மகளையும் கேளுங்கள். பிறகு நான் சொல்கிறேன்” என்று அனுப்பிவைத்தேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவரின் முகம் வாடியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஒருவர், ‘அர்ரிஜாலு கவ்வாமூன’ என்று தொடங்கும் ஆயத்தைத்தான் ஓத வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் நாளே பெண்ணின் காதில் அது விழட்டும் என்றாராம். “அல்லாஹ்வுடைய வசனம், ஆலிம்சா. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல மனமும் வரவில்லை. நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். கல்யாண மாதங்களில் இதே கேள்வியை வெவ்வேறு உருவில் பலரும் கேட்கிறார்கள். கேட்காமலே ஏதோ ஒன்றை ஓதச் செய்து முடித்துவிடுகிறவர்களோ அதைவிட அதிகம்.

கடமை எது, சுன்னத் எது?

நிக்காஹ் நிறைவேற ஷாபிஈ மத்ஹபின்படி ஐந்து ருக்னுகள் உள்ளன: மணமகன், மணமகள், வலீ, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் என்னும் சொற்கள். இவற்றுள் குர்ஆன் வசனம் எதுவும் இல்லை, குத்பாவும் இல்லை. குத்பா ஓதுவது சுன்னத்தாகும். ளாஹிரீ மத்ஹபின் இமாமாகிய தாவூத் (ரஹ்) அவர்கள் மட்டுமே அதைக் கடமை என்றார்கள் எனக் கிதாபுகளில் காண்கிறோம். குத்பா இல்லாமலும் நிக்காஹ் கூடும் என்பது ஸுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்) முதலான அறிஞர்களின் சொல் என்று இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களும் தமது தொகுப்பில் குறித்திருக்கிறார்கள்.

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. ஓர் ஏழைத் தோழர் மணமுடிக்க விரும்பினார். மஹராகக் கொடுக்க இரும்பு மோதிரம்கூட அவரிடம் இல்லை. உடுத்தியிருந்த கீழாடை ஒன்றுதான் சொத்து. குர்ஆனில் உமக்கு என்ன தெரியும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவர் மனப்பாடமாக அறிந்த சூராக்களின் பெயர்களை எண்ணிச் சொன்னார். அதைக் கொண்டே அவருக்கு மணமுடித்துவைத்தார்கள். அந்த மஜ்லிஸில் குத்பா ஓதப்பட்டதாக அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. குத்பா ஷர்த்து அன்று என்பதற்கு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று. நமது தலைப்புக்கு இன்னொரு விதத்திலும் இது பொருந்தும். அந்த மணப்பெண்ணுக்குக் குர்ஆன் ஓர் அலங்காரமாக வரவில்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த மஹர்.

ஆகவே இன்ன ஆயத்தை ஓதவில்லை என்றால் நிக்காஹ் செல்லாது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஓதுகின்ற இடத்தைப் பற்றி அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. வலீ ‘மணமுடித்துத் தந்தேன்’ என்று சொல்வதற்கும் மணமகன் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதற்கும் நடுவில் நீண்ட திக்ரோ பேச்சோ புகுந்துவிட்டால் நிக்காஹ் கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். மணமகன் ஹம்தும் ஸலவாத்தும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ‘ஏற்றுக்கொண்டேன்’ என்றால் பாதகமில்லை. அதற்குமேல் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பந்தலில் என் கண் முன்னாலேயே அது நடந்தது. வலீ சொல்லி முடித்தார். மைக்கை மாப்பிள்ளையிடம் நீட்ட வேண்டியவர், கூட்டத்தின் பரபரப்பில் கிராஅத் ஓதவிருந்த சிறுவனிடம் நீட்டிவிட்டார். அவனும் பாவம், அவூது பிஸ்மியுடன் தொடங்கி மனமுருக ஓதிக்கொண்டே போனான். நடுவில் நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. அவன் முடித்த பிறகு அங்கிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, வலீயை மீண்டும் முதலிலிருந்து சொல்லச் செய்தார். அவர் அவ்விடத்தில் இல்லாதிருந்தால்? கிராஅத், குத்பா, பயான் ஆகிய எதுவாயினும் ஈஜாபுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஹனஃபீ மத்ஹபிலும் குத்பாவின் இடம் ஒப்பந்தத்துக்கு முன்புதான்.

நபியவர்கள் கற்றுத்தந்த மூன்று வசனங்கள்

எதை ஓதலாம் என்று தேடுவதற்கு முன், நமக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், தொழுகையின் தஷஹ்ஹுதையும் தேவைகளின்போது சொல்லும் தஷஹ்ஹுதையும் நபியவர்கள் தங்களுக்குக் கற்றுத்தந்ததாக அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நான்கு தொகுப்புகளிலும் இது உள்ளது. ‘குத்பதுல் ஹாஜா’ என்று இதைச் சொல்வார்கள். புகழும் பாவமன்னிப்பும் ஷஹாதத்தும் சொன்ன பிறகு அதில் மூன்று இடங்களிலிருந்து வசனங்கள் வருகின்றன: ஆலு இம்ரான் 102, அந்நிஸா 1, அல்அஹ்ஸாப் 70, 71. இன்றும் நமது ஊர்களில் ஓதப்படும் நிக்காஹ் குத்பாவின் உயிர்நிலை இவையே.

இவற்றின் பொருளை ஊன்றிப் படிப்பவருக்கு ஒரு வியப்பு ஏற்படும். கணவன் மனைவி என்ற உறவு இவற்றில் ஒன்றில்தான் சொல்லப்படுகிறது. மற்ற இரண்டிலும் கல்யாணம் பற்றிய பேச்சே இல்லை. மூன்றையும் இணைப்பது, அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்ற கட்டளை.

ஆலு இம்ரானின் வசனம், அஞ்ச வேண்டிய முறைப்படி அல்லாஹ்வை அஞ்சுமாறும், முஸ்லிம்களாக அன்றி மரணிக்க வேண்டாம் என்றும் கட்டளையிடுகிறது. கல்யாண வீட்டில் மவ்த்தைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் இதை விட்டுவிட்டு ஓதுமாறு என்னிடமே கேட்டார்கள். இது சகுனம் பார்க்கும் பழக்கத்தின் மிச்சமேயன்றி வேறில்லை. ஷவ்வாலில் மணமுடிப்பது ஆகாது என்று அறியாமைக் காலத்து அரபிகள் நினைத்தார்கள். தம்மை ஷவ்வாலில்தான் நபியவர்கள் மணந்தார்கள், தம்மைவிடப் பாக்கியம் பெற்றவர் யார் என்று கேட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்த நினைப்பை உடைத்தார்கள் (முஸ்லிம்). இங்கே நாம் ஸஃபர் மாதத்தை ஒதுக்கிவைக்கிறோம். மாதத்தில் இல்லாத துர்ச்சகுனம் வசனத்தில் மட்டும் எங்கிருந்து வரும்? ஒருவரோடு ஒருவர் எவ்வளவு காலத்துக்கு வாழப்போகிறார்கள் என்பதை அந்த வசனம் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. மரணம் வரைக்கும்.

அந்நிஸாவின் முதல் வசனம் மனிதர் அனைவரையும் அழைத்துப் பேசுகிறது. ஒரே ஆத்மாவிலிருந்து உங்களைப் படைத்தான், அதிலிருந்தே அதன் துணையைப் படைத்தான், அவ்விருவரிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் பரவச் செய்தான் என்கிறது. முடிவில் இரத்த உறவுகளைப் பேணுமாறு எச்சரிக்கிறது. சம்பந்தம் பேசும்போது எங்கள் குடும்பம், உங்கள் குடும்பம் என்று பேசிப் பேசி இரண்டு மாதமாகத் தொண்டை வறண்டுபோன இரு தரப்பாரும் பந்தலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, உங்கள் தொடக்கம் ஒன்றுதான் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் உண்டோ?

மூன்றாவதாகிய அல்அஹ்ஸாப் வசனம் ‘கவ்லன் ஸதீதா’ என்று ஒரு சொல்லைத் தருகிறது. நேரான சொல், குறி தப்பாத சொல் என்று பொருள். நேரானதைப் பேசினால் உங்கள் செயல்களை அவன் சீராக்குவான் என்று அடுத்த வசனம் வாக்களிக்கிறது. நிக்காஹ் என்பதே சொல்லால் ஆகும் காரியமல்லவா? இரண்டு சொற்களால் ஒரு குடும்பம் உண்டாகிறது. அதற்கு முன் பேசப்பட்ட சொற்கள் எப்படி இருந்தன? பெண்ணுக்கு இருந்த நோயை மறைத்துப் பேசியது, வெளிநாட்டில் பையனுக்கு இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று கூட்டிச் சொன்னது, போடாத நகையைப் போடுவதாகச் சொன்னது, இவை எல்லாம் கோணலான சொற்களே. குத்பாவின் மூன்றாவது வசனம் ஓதப்படும்போது இரு வீட்டுப் பெரியவர்களும் இதை நினைத்துக்கொண்டால், சபை கலைவதற்குள்ளாவது ஓர் உண்மையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

நமது குத்பாக்களில் இவற்றோடு சேர்த்து ஓதப்படும் ஹதீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்காஹ் எனது சுன்னத் என்ற பகுதி ஆயிஷா (ரலி) அறிவிப்பாக இப்னு மாஜாவில் வருவது. எனது சுன்னத்தைப் புறக்கணிப்பவர் என்னைச் சேர்ந்தவரல்லர் என்ற பகுதி, வணக்கத்திற்காக மணவாழ்வையே துறக்க எண்ணிய தோழர்களைக் குறித்து அனஸ் (ரலி) அறிவிப்பதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வருவது. இரண்டையும் ஒரே ஹதீஸைப் போல ஒட்டி ஓதிவிடுகிறோம். பொருளில் குறை இல்லை. ஆனால் மாணவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

கிராஅத்துக்கு எந்த இடம்?

குத்பாவில் மூன்று இடங்களிலிருந்து வசனங்கள் வந்துவிடுவதால், மஜ்லிஸின் தொடக்கத்தில் தனியாகக் கிராஅத் ஓதுவது கூடுதல்தான். ஓதினால் பரக்கத்து, விட்டால் குற்றமில்லை. ஓதுவதென்று முடிவுசெய்தால் தேர்ந்து ஓத வேண்டும். எனது முதல் தேர்வு அர்ரூம் சூராவின் 20 முதல் 25 வரையுள்ள ஆறு வசனங்கள்.

இதில் 21-வது வசனத்தை அறியாத கல்யாணப் பத்திரிகையே இல்லை எனலாம். உங்களிலிருந்தே உங்களுக்குத் துணைகளைப் படைத்தான், அவர்களிடம் நீங்கள் அமைதி பெறுவதற்காக; உங்களுக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் ஆக்கினான் என்பது அதன் கருத்து. அன்பும் இரக்கமும் வெவ்வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். உடலில் வலிமையும் முகத்தில் அழகும் இருக்கும் காலத்தில் அன்பு தானாகவே வரும். ஒருவர் படுக்கையில் விழுந்து மற்றவர் கஞ்சி ஊட்டும் காலத்தில் தாங்கி நிற்பது இரக்கம். அல்லாஹ் இரண்டையும் வைத்திருக்கிறான்.

ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் கிள்ளி எடுத்து ஓதுவதைவிட, அது அமைந்துள்ள தொடரோடு ஓதுவதே அழகு. ‘அவனுடைய அத்தாட்சிகளில் உள்ளது’ என்ற கருத்துடைய சொற்களோடு அங்கே ஆறு வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குகின்றன. மண்ணிலிருந்து மனிதனைப் படைத்தது, துணையைப் படைத்தது, வானம் பூமியைப் படைத்ததோடு மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது, இரவிலும் பகலிலும் உறங்குவதும் அவனருளைத் தேடுவதும், அச்சமும் ஆசையும் ஊட்டும் மின்னலும் மழையும், அவன் கட்டளையால் வானமும் பூமியும் நிலைபெற்றிருப்பது. கணவன் மனைவியின் உறவை அல்லாஹ் எவற்றின் நடுவே வைத்துப் பேசுகிறான் பாருங்கள்! வானத்துக்கும் மின்னலுக்கும் பக்கத்தில். நிதானமாக ஓதினால் இரண்டு மூன்று நிமிடம். குழந்தை அழுவதற்குள், பிரியாணி வாசம் வருவதற்குள் முடிந்துவிடும்.

இரண்டாவதாக, அல்ஃபுர்கான் சூராவின் 63 முதல் 76 வரை. ரஹ்மானின் அடியார்களின் குணங்களைச் சொல்லும் பகுதி அது. மனைவி மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தருமாறு அவர்கள் கேட்கும் துஆ 74-வது வசனத்தில் வருகிறது. பெரும்பாலோர் துஆவை மட்டும் ஓதுகிறார்கள். அந்தத் துஆவைக் கேட்பவர்கள் யாரென்றால், பூமியில் பணிவாக நடப்பவர்கள், அறிவீனர் வம்புக்கு வந்தால் ஸலாம் சொல்லி விலகுபவர்கள், இரவில் ஸுஜூதில் கிடப்பவர்கள், செலவு செய்தால் வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் நிற்பவர்கள். இந்த இறுதிக் குணம் 67-வது வசனத்தில் இருக்கிறது. நமது கல்யாணப் பந்தல்களில் அதை ஓதிக் கேட்பதற்குச் சிறிது மனத்துணிவு வேண்டும்!

வசதி குறைந்த வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அந்நூர் 32-ஐச் சேர்க்கலாம். துணையற்றவர்களுக்கு மணமுடித்துவையுங்கள், அவர்கள் ஏழைகளாக இருந்தால் அல்லாஹ் தன் அருளால் செல்வம் அளிப்பான் என்கிறது அது. இரத்த உறவையும் மண உறவையும் நீரிலிருந்து படைத்த மனிதனுக்கு அவன் ஆக்கியதாகச் சொல்லும் அல்ஃபுர்கான் 54-ம் பொருத்தமானதே.

எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது?

இதில்தான் அதிகம் பிழை நேர்கிறது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று சொல்லும் அல்பகரா 187-ஐப் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் அந்த வசனம் தொடங்குவது ரமலானின் இரவுகளில் எது அனுமதி என்ற சட்டத்தில். தொடர்வது ஸஹர், நோன்பு, இஃதிகாஃப் ஆகியவற்றில். ஆடை என்ற அந்த அருமையான உவமையைப் பயானில் விளக்கலாம். அதற்காக ஒரு நீண்ட சட்ட வசனத்தின் நடுவில் வெட்டி ஓதுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை. அல்அஃராஃப் 189-ம் இவ்வாறே. துணையிடம் அமைதி பெறுவதற்காக என்று அது அழகாகத் தொடங்கும். பிள்ளை கிடைத்த பிறகு அல்லாஹ்வுக்கு இணைகளை ஆக்கினார்கள் என்று அடுத்த வசனம் கண்டிக்கும். பொருள் தெரியாத பையன் ஓசையில் லயித்து அதையும் தாண்டிப் போய்விடுவான்.

பையனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தனக்கு நன்றாக மனப்பாடமான இடத்தை, தனது குரலுக்கு எடுப்பான இடத்தை அவன் ஓதுகிறான். தலாக்கின் சட்டங்கள் வரும் அல்பகரா 229-லிருந்து ஒரு மாணவன் ஒரு கல்யாணத்தில் ஓதினான். இனிய குரல். சபையோர் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்றார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நூறு ரூபாய் ஹதியாவும் கொடுத்தார். அவன் என் மாணவன்தான். முன்கூட்டியே கேட்டுச் சரிபார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து கல்யாணத்துக்கு ஓதப்போகும் பிள்ளை எவனாயினும் முதல் நாள் அஸருக்குப் பிறகு என்னிடம் ஓதிக்காட்டிவிட்டே போவான்.

அந்த மாமாவின் கோரிக்கை

இனி, காக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்நிஸா 34-வது வசனம் அல்லாஹ்வின் வேதம். அதை ஓத வேண்டாம் என்று சொல்லும் உரிமை எந்த முஸ்லிமுக்கும் இல்லை. ஆனால், ஓத வேண்டும் என்று கேட்பவர் அதை முழுவதும் படித்திருக்கிறாரா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆண்கள் பெண்களை நிர்வகிப்பவர்கள் என்று தொடங்கும் அவ்வசனம் அங்கேயே நின்றுவிடவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைத் தருகிறது. ஒன்று, அல்லாஹ் சிலரைவிடச் சிலரை மேன்மையாக்கி வைத்திருப்பது. மற்றொன்று, ஆண்கள் தங்கள் பொருளிலிருந்து செலவு செய்வது. தங்கள் பொருளிலிருந்து! பெண் வீட்டாரின் பொருளிலிருந்து அன்று. கைக்கூலி வாங்கியவர், மாமனார் வாங்கிக்கொடுத்த வண்டியில் வந்து இறங்கியவர், இந்த வசனத்தை ஓதச் சொல்வது தனக்கு எதிரான சாட்சியைத் தானே அழைத்துக்கொண்டு வருவதற்கு ஒப்பாகும். ‘கவ்வாம்’ என்ற சொல்லே, விடாமல் நின்று பொறுப்பைச் சுமப்பவன் என்ற கருத்தைக் கொண்டது. பட்டம் மட்டும் வேண்டும், சுமை வேண்டாம் என்றால் எப்படி?

அவ்வசனத்தின் பிற்பகுதி, வீட்டில் பிணக்கு மூளும் என்ற அச்சம் வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பேசுகிறது. அடுத்த வசனமோ, அவர் குடும்பத்திலிருந்து ஒருவரையும் இவர் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவர்களாக அனுப்பச் சொல்கிறது. இவை நோய்க்குரிய மருந்துகள். மாலையிட்ட மணமகனுக்கு முன்னால், இன்னும் முகமே பார்த்திராத பெண்ணை எச்சரிப்பதற்காக இதை எடுத்து ஓதுவது, மருந்தை விருந்தில் பரிமாறுவதாகும். நபியவர்கள் நிக்காஹ்வுக்கென்று கற்றுத்தந்த குத்பாவில் இந்த வசனம் இடம்பெறவில்லை. அந்த மாமாவுக்குச் சொல்ல இந்த ஒரு வரியே போதுமானது.

அந்நிஸாவிலிருந்தே ஓத வேண்டுமென்று அவர்கள் விரும்பினால் முதல் நான்கு வசனங்கள் இருக்கின்றன. அனாதைகளின் பொருளை அவர்களிடமே ஒப்படையுங்கள் என்று அதில் இரண்டாவது வசனம் சொல்லும். இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்றாவது வசனம் வரும்போது பந்தலில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். தம் சகோதரியின் மகன் உர்வா (ரஹ்) அவர்களுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதற்குத் தந்த விளக்கம் புகாரீயில் உள்ளது. பொறுப்பாளர் ஒருவர், தன் வளர்ப்பில் உள்ள அனாதைப் பெண்ணின் அழகுக்கும் சொத்துக்கும் ஆசைப்பட்டு, பிறர் அவளுக்குத் தரக்கூடிய மஹரைத் தராமலே மணந்துகொள்ள நினைப்பதைத் தடுக்க வந்தது அது. சிரிப்பதற்கு அதில் ஏதும் இல்லை. நான்காவது வசனம் பெண்களின் மஹரை மனமுவந்து கொடுத்துவிடச் சொல்கிறது. மஹர் தொகையைத் தப்தரில் எழுதிச் சபையில் வாசிப்பதற்குச் சற்று முன் இந்த வசனம் ஓதப்பட்டால் எவ்வளவு பொருத்தம்!

இல்லற ஒழுக்கம் பற்றியே வேண்டுமென்றால் அதே சூராவின் 19-வது வசனம். நல்ல முறையில் அவர்களோடு வாழுங்கள்; அவர்களை நீங்கள் வெறுத்தாலும், நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் ஏராளமான நன்மையை வைத்திருக்கக்கூடும் என்பது அதன் போதனை. இதற்கு இரண்டு வசனம் தள்ளி, 21-ல், மனைவியர் கணவர்களிடமிருந்து ‘மீஸாகன் கலீளா’ என்னும் உறுதியான உடன்படிக்கையை எடுத்திருப்பதாக வருகிறது. இந்தச் சொற்றொடர் குர்ஆனில் மூன்றே இடங்களில் உள்ளது. மற்ற இரண்டில் ஒன்று, பனூ இஸ்ராயீல்களிடம் அல்லாஹ் எடுத்த உடன்படிக்கை (4:154). இன்னொன்று, நபிமார்களிடமே எடுத்த உடன்படிக்கை (33:7). அவற்றுக்குப் பயன்பட்ட அதே சொல் நிக்காஹ்வுக்கும்! ஆனால் 21-வது வசனம், ஒரு மனைவியை விட்டு இன்னொருத்தியை மணக்க விரும்பினால் கொடுத்த மஹரைத் திரும்ப வாங்காதீர்கள் என்ற 20-வது வசனத்தோடு பிணைந்திருப்பது. 20-ஐ விட்டு அதைத் தனியே ஓதினால் பொருள் அந்தரத்தில் தொங்கும். ஆகையால் 19-ஐ ஓதிவிட்டு, 21-ஐப் பயானில் எடுத்து விளக்குவதே சரி என்பது என் கருத்து.

எதை ஓதினாலும் பொருளைத் தமிழில் வாசிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் முடியும். பெண்கள் அமர்ந்திருக்கும் அறைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைத் திருப்பிவைக்க மறக்கக் கூடாது. யாருடைய வாழ்க்கைக்காக ஓதப்படுகிறதோ அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் கேட்பதில்லை, வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவருக்கு எல்லாம் கேட்கிறது.

துஆவில் ஒரு கவனம்

ஒப்பந்தம் முடிந்ததும் மணமக்களுக்காகச் சொல்லும் துஆ அபூஹுரைரா (ரலி) அறிவிப்பாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. உனக்கும் உன்மீதும் பரக்கத்துச் செய்து, இருவரையும் நன்மையில் ஒன்றுசேர்க்குமாறு வேண்டும் சிறிய துஆ அது. அறியாமைக் காலத்தில், இணக்கமும் ஆண்மக்களும் உண்டாகட்டும் என்று வாழ்த்தும் வழக்கம் இருந்தது. அகீல் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மணமுடித்தபோது அவ்வாறு வாழ்த்தியவர்களைத் தடுத்து, நபியவர்கள் சொன்னதைப் போலச் சொல்லுமாறு திருத்தினார்கள். பெண் குழந்தையை வாழ்த்தில்கூட விட்டுவிடக் கூடாது என்று அறிஞர்கள் இதிலிருந்து விளங்கிக்கொண்டார்கள்.

நமது ஊர்களில், ஆதம் ஹவ்வா தொடங்கி அலீ ஃபாத்திமா வரை பெயர்களை எண்ணி, அவர்களை இணைத்தது போல இவர்களை இணைப்பாயாக என்று ஓதப்படும் நீண்ட துஆ ஹதீஸில் வந்ததன்று. கருத்து நல்லது, சொல்வதில் தடையில்லை. யூஸுஃப் ஸுலைகா என்ற பெயர்கள் மட்டும் எனக்கு உறுத்தும். அஸீஸின் மனைவியின் பெயரையோ, யூஸுஃப் (அலை) அவர்கள் அவரைப் பின்னர் மணந்ததாகவோ குர்ஆன் சொல்லவில்லை. தஃப்ஸீர்களில் வரும் செய்திதான் அது. நான் ஓதும்போது அதை விட்டுவிட்டு, மத்யனில் எட்டு ஆண்டு உழைப்பை ஒப்புக்கொண்டு மணமுடித்த மூஸா (அலை) அவர்களின் இல்லறத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். அது அல்கஸஸ் சூராவில் தெளிவாக இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் காக்கா, “அந்த மாமாவிடம் நான் எப்படிச் சொல்ல?” என்றார். “நீங்கள் சொல்ல வேண்டாம். 34-வது வசனத்தை முழுவதும் பொருளோடு ஓதுகிறோம், அதற்கு முன் நான்காவது வசனத்தையும் பொருளோடு ஓதுகிறோம், சம்மதமா என்று ஆலிம்சா கேட்கிறார் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்” என்றேன். இரண்டு நாளில், ஓதுவதைப் பெண் வீட்டாரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது.

மகளிடம் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்டிருக்கிறார். அர்ரூம் சூரா வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதாம். பத்திரிகையில் புள்ளிகள் இருந்த இடத்தில் என் மாணவன் ஒருவனின் பெயர் அச்சாகிவிட்டது. தினமும் அஸருக்குப் பின் ஓதிப் பழகுகிறான். “24-ல் நிறுத்தட்டுமா, 25 வரை போகட்டுமா?” என்று நேற்றுக் கேட்டான். 25 வரை ஓது, ஆறாவது அத்தாட்சி அங்கேதான் இருக்கிறது என்றேன்.